பரமேஸ்வரன் யார் சார்?

போன மாதம் ஒரு நண்பரைப் பார்க்க ஆற்காடு ரோடு போக வேண்டியிருந்தது. ஆட்டோக்காரரிடம் “பரமேஸ்வரன் விஹார்” என்றேன். “சாலிகிராமம்தானே? மிலிட்டரிக்காரங்க இருக்கிற இடம். ஏறுங்க சார்” என்றார். வழி சொல்ல வேண்டிய வேலையே இல்லை. வடபழனி சிக்னலில் நின்றபோது அவருக்கு ஒரு சந்தேகம்.

“உள்ளே பெரிய சிவன் கோயில் ஏதாச்சும் இருக்குதா சார்?”

“ஏன் கேக்கறீங்க?”

“பரமேஸ்வரன்னு பேர் வெச்சிருக்காங்களே!”

“அது சாமி பேர் இல்லீங்க. ஒரு மேஜரோட பேர். சண்டையில செத்துப்போனவர்.”

“அட! எந்தச் சண்டைல?”

“சிலோன்ல. 87-ல.”

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்து, “சிலோன்லயா... நம்ம ஆளுங்களோடயா சார்?” என்றார்.

அதற்குள் பச்சை விழுந்துவிட்டது. பின்னால் நின்ற மாநகரப் பேருந்து ஹாரனால் எங்களைத் தள்ளியது. கேள்வி அப்படியே நின்றுபோனது. அவருக்குச் சொல்லாமல் விட்ட பதிலை இந்த வாரம் உங்களிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் ஆள் யாரென்று பார்த்துவிடுவோம். ராமசாமி பரமேஸ்வரன். 1946 செப்டம்பர் 13-ம் தேதி பம்பாயில் பிறந்தவர். தமிழ்க் குடும்பம். அங்கேயே படித்து, அறிவியலில் பட்டம் வாங்கி, நம்ம பரங்கிமலைக்கு வந்து ராணுவ அதிகாரிப் பயிற்சி எடுத்துக்கொண்டு, 1972-ல் மஹார் ரெஜிமென்ட்டில் சேர்ந்தார். 1987-ல் இந்திய அமைதிப்படை இலங்கை போனபோது 8-வது மஹார் பட்டாலியனோடு யாழ்ப்பாணம் போனார்.

அந்த வருடம் நவம்பர் 25. இரவு நேரம். தேடுதல் வேட்டையை முடித்துக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்த அவருடைய பிரிவை விடுதலைப் புலிகள் பதுங்கியிருந்து தாக்கினார்கள். பரமேஸ்வரன் சுற்றிக்கொண்டு போய்த் தாக்கியவர்களின் முதுகுப்பக்கம் வந்தார். கைகலப்பில் மார்பில் குண்டு பாய்ந்தது. பாய்ந்த பிறகும், சுட்டவரின் கையிலிருந்த துப்பாக்கியைப் பிடுங்கி அவரைச் சுட்டார். உயிர் போகும்வரை தன் ஆட்களுக்கு உத்தரவு கொடுத்துக்கொண்டே இருந்தார் என்கிறது விருதுக் குறிப்பு. அப்போது வயது 41. நாட்டின் மிக உயர்ந்த போர்க்கால விருதான பரம் வீர் சக்ரா கொடுத்தார்கள். இதுவரை அந்த விருது வாங்கியவர்கள் மொத்தமே 21 பேர். இலங்கைக்குப் போன படையில் வாங்கியது இவர் ஒருவர்தான்.

அவர் பெயர் இந்த ஊரில் இல்லாமல் இல்லை. பரங்கிமலை பயிற்சி அகாடமியில் இளம் அதிகாரிகள் பட்டம் முடித்து அணிவகுத்துப் போகும் மைதானத்துக்கு அவர் பெயர்தான். ஆற்காடு ரோட்டில் ராணுவத்தினருக்கான அடுக்குமாடிக் குடியிருப்புக்கு 1998-ல் அவர் பெயர் வைத்தார்கள். 2023 ஜனவரியில், அந்தமானில் அதுவரை பெயரில்லாமல் இருந்த 21 தீவுகளுக்கு 21 பரம் வீர் சக்ரா வீரர்களின் பெயரைச் சூட்டியபோது, ஒரு தீவு இவர் பங்குக்கு வந்தது.

கவனித்தீர்களா? ஒன்று அகாடமி கேட்டுக்கு உள்ளே. இன்னொன்று ராணுவத்தினர் குடியிருக்கும் இடம். மூன்றாவது நடுக்கடலில். நீங்களும் நானும் காய்கறிப் பையோடு நடந்துபோகும் வழியில் இந்த மூன்றுமே இல்லை. வெளியில் தெரிவது ‘பரமேஸ்வரன் விஹார்’ என்ற இரண்டு வார்த்தை மட்டும். அதையும் நாம் கோயில் என்று நினைத்துக்கொள்கிறோம். பட்டத்தையும் வருடத்தையும் எடுத்துவிட்டால் ஒரு மேஜர் நேராகச் சிவபெருமான் ஆகிவிடுகிறார். பதவி உயர்வுதான். ஆனால், ஆள் காணாமல் போய்விட்டாரே!

சினிமாவை விமர்சிக்கிறோம், நாவலை விமர்சிக்கிறோம். பெயர்ப்பலகையை யாரும் விமர்சிப்பதில்லை. யோசித்துப் பாருங்கள், அதுவும் ஒரு எழுத்துதான். எந்த எழுத்தாளனுக்கும் கிடைக்காத வாசகர் கூட்டம் அதற்கு உண்டு. தினமும் ஆயிரக்கணக்கானோர் இலவசமாகப் படிக்கிறார்கள். பெயின்ட் உதிரும்போதெல்லாம் மறுபதிப்பு வருகிறது. தபால், ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை என்று மேற்கோள் காட்டப்படுகிறது. இவ்வளவு செல்வாக்குள்ள எழுத்தில் விஷயம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால், பெரும்பாலும் பூஜ்யம்.

தி.நகரில் உஸ்மான் ரோடு. தெற்கு, வடக்கு என்று இரண்டு. வாரத்துக்கு ஒருமுறையாவது ஜவுளிப் பையோடு அங்கே மிதிபடாத சென்னைக்காரர் குறைவு. எந்த உஸ்மான்? நீதிக்கட்சிப் பிரமுகரும் 1934-ல் சென்னை மாகாணத்தின் தற்காலிக கவர்னராக இருந்தவருமான முகமது உஸ்மான். இந்திய சரித்திரத்தில் இன்னொரு முகமது உஸ்மான் உண்டு. பிரிகேடியர் உஸ்மான். ‘நௌஷேராவின் சிங்கம்’ என்று பெயர் வாங்கியவர். பிரிவினையின்போது பாகிஸ்தான் ராணுவத்துக்குப் போகாமல் இந்தியாவிலேயே இருந்து, 1948 ஜூலை 3-ம் தேதி காஷ்மீரில் ஜங்கர் என்ற இடத்தில் குண்டு வீச்சில் இறந்தார். நாளைக்கே ஒரு சிறுவன் பள்ளியில் பிரிகேடியரைப் பற்றிப் படித்துவிட்டு, “அப்பா, நம்ம உஸ்மான் ரோடு அவருக்குத்தானே?” என்று கேட்டால் அந்தப் பலகை பதில் சொல்லுமா? சொல்லாது. அதற்குத் தெரிந்தது ‘உஸ்மான்’ மட்டும்தான்.

அண்ணா சாலையிலிருந்து பிரியும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கார் உதிரிபாகம் எந்தக் கடையில் மலிவு என்று கேளுங்கள், பத்துப் பேர் சொல்வார்கள். எந்த ஜெனரல், எந்தப் போர் என்று கேட்டுப் பாருங்கள். “சார், வண்டியை ஓரமா நிறுத்துங்க” என்பார்கள்.

இதற்கு நம் ஆட்கள் சொல்லும் சமாதானம் ஒன்று உண்டு. “சரித்திர உணர்ச்சி எல்லாம் வெள்ளைக்காரன்கிட்ட கத்துக்கணும் சார். நமக்கு அது கிடையாது.” இதைவிடப் பெரிய பொய் இல்லை. சண்டையில் செத்தவனுக்குக் கல் நட்டு அதில் எழுதிவைப்பதில் நம்மிடம் ஊரே பாடம் கற்றுக்கொள்ளலாம். தொல்காப்பியம் அதை ஆறு கட்டமாகப் பிரித்து வைத்திருக்கிறது. கல்லைப் பார்த்துத் தேர்வதில் ஆரம்பித்து, நீராட்டி, நட்டு, வாழ்த்துவதுவரை. இன்றைய டெண்டர் விதிகள்கூட அவ்வளவு ஒழுங்காக இல்லை.

செங்கம் பக்கம் கிடைத்த நடுகற்களை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கல்லில் என்னென்ன இருக்கிறது? எந்த ராஜாவின் ஆட்சியில், எத்தனையாவது வருடம். செத்தவன் யார், யாருடைய ஆள். என்ன சண்டை. கடைசியில் ‘பட்டான்’ என்று ஒரே சொல். அவ்வளவுதான். ஒரு நிருபர் எழுதும் செய்திக்கு வேண்டிய யார், எப்போது, எங்கே, எதற்கு எல்லாம் அதில் இருக்கிறது.

திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் ஒரு கல். மகேந்திரவர்ம பல்லவனின் 34-வது ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ஏழாம் நூற்றாண்டு. கருந்தேவக்கத்தி என்ற வீரன் எருமை மந்தைக்காக நடந்த சண்டையில் இறந்தான் என்று சொல்கிறது. வீரனின் உருவத்துக்குப் பக்கத்தில் ஒரு நாய். சும்மா அழகுக்கு நிற்கிற நாய் இல்லை. அதன் பெயர் கோவிவன் என்றும், இரண்டு திருடர்களைக் கடித்துக் காவல் காத்தது என்றும் எழுதியிருக்கிறார்கள். ஒரு கிராமம், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் கையளவே இருந்திருக்கக்கூடிய காலத்தில், தன் வளர்ப்பு நாயின் பெயரையும் அது செய்த வேலையையும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறது. 1,400 வருடம் கழித்து நமக்குத் தெரிகிறது. 1987-ல் இறந்த மேஜரை நமக்குத் தெரியவில்லை.

நடுகற்களில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் வேறு ஒன்று. மாட்டு மந்தையைக் கவரப் போய்ச் செத்தவனுக்கும் கல் இருக்கிறது. மந்தையை மீட்கப் போய்ச் செத்தவனுக்கும் கல் இருக்கிறது. கவர்ந்தவன் ‘கொண்டு பட்டான்’, மீட்டவன் ‘மீட்டுப் பட்டான்’. எந்தப் பக்கம் நின்று செத்தான் என்பதை மறைக்கவில்லை. மறைக்க வேண்டும் என்று அந்த மக்களுக்குத் தோன்றவும் இல்லை.

ஆட்டோக்காரர் கேட்ட கேள்விக்கு இப்போது வரலாம். “நம்ம ஆளுங்களோடயா?”

பரமேஸ்வரன் என்ற பெயர் வெறும் மறதியால் மங்கியது என்று சொன்னால் நான் உங்களை ஏமாற்றுகிறேன் என்று அர்த்தம். 1999-ல் கார்கிலில் பட்டாலிக் பகுதியில் இறந்த மேஜர் சரவணனுக்குத் திருச்சியில் நினைவுச்சின்னம் இருக்கிறது. ‘மேஜர்’ என்ற சொல்லோடுதான் ஊர் அவரைச் சொல்கிறது. மேஜர் முகுந்த் வரதராஜன் 2014-ல் காஷ்மீரில் இறந்தார். பத்து வருடம் கழித்து, 2024 தீபாவளிக்கு ‘அமரன்’ வந்தபோது தியேட்டரில் ஜனம் அழுதது. ஆக, நமக்கு மேஜர்களை நினைவு வைத்துக்கொள்ளத் தெரியாமல் இல்லை. கார்கில் டி.வி-யில் நடந்தது, எதிரி யார் என்பதில் யாருக்கும் குழப்பம் இல்லை, தேசியக்கொடி போர்த்தி ஊருக்கு வந்த வீரனை எல்லோரும் ஒன்றாக நின்று வணங்க முடிந்தது.

இலங்கை அப்படி இல்லை. 1987 ஜூலை 29-ல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். தமிழர்களைக் காப்பாற்றப் போகிறது என்று நாம் நம்பி அனுப்பிய படை, அக்டோபரில் புலிகளோடு சண்டைக்கு நின்றது. அந்த அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணம் பெரிய ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த இந்தியப் படையினரின் துப்பாக்கிச்சூட்டில் டாக்டர்கள், நர்ஸுகள், நோயாளிகள் என்று அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இந்தப் பக்கம் நாம் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்த நாள் அது. பரமேஸ்வரன் இறந்தது அதற்குச் சரியாக ஐந்து வாரம் கழித்து, அதே யாழ்ப்பாணத்தில்.

1990 மார்ச்சில் கடைசிப் பிரிவு கப்பலேறித் திரும்பியது. சென்னைத் துறைமுகத்தில் வரவேற்பு. அன்றைய முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை நான் எப்படி வரவேற்பேன் என்பது அவர் தரப்பு. கொதித்தவர்கள் உண்டு, கை தட்டியவர்கள் உண்டு. அடுத்த வருடம் மே 21-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். ஒரே இரவில் ஊரின் மனநிலை தலைகீழானது. அதற்குப் பிறகு யாரைப் பற்றிப் பேசினாலும் பிரச்னை. புலிகளைப் பற்றிப் பேசினால் ஒரு மாதிரி, அமைதிப்படையைப் பற்றிப் பேசினால் இன்னொரு மாதிரி. வாயைத் திறக்காமல் இருப்பதே உத்தமம் என்று ஊர் முடிவு செய்துவிட்டது. இப்படி ஒரு முடிவுக்கு அரசாணை தேவையில்லை. பலகையில் இரண்டு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டால் போதும்.

இதில் ஒரு வேடிக்கை. அமைதிப்படையில் இறந்த ஆயிரத்துச் சொச்சம் பேரின் பெயர்களையும் கறுப்புக் கல்லில் வெட்டி, பார்ப்பதற்கு வசதியாக ஒரு நினைவிடம் இருக்கிறது. இருப்பது கொழும்புக்குப் பக்கத்தில், இலங்கை பார்லிமென்ட்டை ஒட்டிய பகுதியில். கட்டியது இலங்கை. பிரதமர் மோடி 2015-லும் 2025-லும் அங்கே போய் மலர்வளையம் வைத்தார். பல வருடங்களுக்கு இந்த வீரர்களின் குடும்பத்தினர் பெயரைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றால் விமானம் ஏற வேண்டியிருந்தது. டெல்லியில் தேசியப் போர் நினைவிடம் திறந்தது 2019-ல்தான்.

“அதுக்காக, நம்ம ஜனங்களைச் சுட்ட படைக்கு இங்கே தெருவெல்லாம் பேர் வைக்கணுமா?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்ல நம்ம மவுன்ட் ரோட்டுக்கே ஒரு பழைய கதை இருக்கிறது.

ஜேம்ஸ் நீல் என்று ஒரு கர்னல். மதராஸ் ஃபியூஸிலியர்ஸ் படையைச் சேர்ந்தவர். 1857 செப்டம்பர் 25-ம் தேதி லக்னோவில் சண்டையில் இறந்தார். அவரும் போரில் விழுந்த வீரர்தான், அவர்கள் கணக்கில். 1861-ல் மவுன்ட் ரோட்டில் கம்பீரமாகச் சிலை வைத்தார்கள். அறுபது எழுபது வருடம் ஜனம் அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. ஆனால், அலகாபாத்திலும் கான்பூரிலும் இந்த மனிதர் எப்படித் தூக்கில் போட்டார், எப்படி அவமானப்படுத்தினார் என்ற விவரம் பரவியது. 1927-ல் சத்தியாக்கிரகம் தொடங்கியது. திருநெல்வேலி சோமயாஜுலு முன்னால் நின்றார். இளைஞர் காமராஜரும் அதில் ஈடுபட்டார். சுத்தியலோடும் கோடரியோடும் போய்ச் சிலையைத் தட்டிவிட்டு ஜெயிலுக்குப் போனார்கள். கடைசியில் 1937-ல் ராஜாஜி மந்திரிசபை வந்து சிலையை எடுத்தது. இப்போது அவர் எழும்பூர் மியூசியத்துக்குச் சொந்தம். அந்தமானில் அவர் பெயரில் இருந்த நீல் தீவும் 2018-ல் ஷஹீத் தீவு ஆகிவிட்டது.

நீல் சிலை விழுந்தது ஏன்? மறந்ததால் இல்லை. ஜனங்களுக்கு அவர் யார் என்று தெரிந்ததால். சரவணன் பெயர் நிற்பது ஏன்? அதுவும் தெரிந்ததால்தான். ஒரு பெயரை வைத்திருப்பதா, எடுப்பதா என்று ஊர் முடிவு செய்ய வேண்டும் என்றால் அந்தப் பெயருக்குள் என்ன இருக்கிறது என்று ஊருக்குத் தெரிய வேண்டும். பரமேஸ்வரன் விஷயத்தில் நாம் இரண்டுமே செய்யவில்லை. வணங்கவும் இல்லை, எதிர்க்கவும் இல்லை. கோயில் என்று நினைத்துக்கொண்டு ஆட்டோவில் போகிறோம். எனக்கு இதுதான் மரியாதைக் குறைவாகப் படுகிறது. அந்த மனிதருக்கு மட்டும் இல்லை, யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் செத்தவர்களுக்கும்.

என் கட்சியை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். படையை அனுப்பியது தப்பு என்று நினைப்பவன் நான். அனுப்பியவர்கள் டெல்லியில் இருந்தார்கள். இருட்டில், தெரியாத ஊரில், தன் பின்னால் வரும் பத்து இருபது பையன்களை உயிரோடு திருப்பிக்கொண்டு வர வேண்டிய பொறுப்பு பரமேஸ்வரன் தலையில் இருந்தது. அவர் அதைச் செய்தபோது செத்தார். போர் தப்பு என்று சொல்வதற்கும் அவர் தைரியசாலி என்று சொல்வதற்கும் ஒரே வாயில் இடம் இருக்கிறது. கொண்டு பட்டவனுக்கும் மீட்டுப் பட்டவனுக்கும் கல் நட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். நமக்கு இது கஷ்டமாக இருக்கக்கூடாது.

என்ன செய்யலாம்? சிலை வேண்டாம். சிலை வைத்தால் மாலை, மாலை வைத்தால் பிளெக்ஸ், பிளெக்ஸ் வைத்தால் டிராஃபிக் ஜாம். ஆள் பெயரில் உள்ள ஒவ்வொரு தெருப் பலகையிலும், குடியிருப்பு வாசலிலும், பெயருக்குக் கீழே மூன்று வரி போடலாம். பலகை எப்படியும் சில வருடத்துக்கு ஒருமுறை மாறத்தான் போகிறது. தகரம் அதேதான், பெயின்ட் அதேதான், கூடுதல் செலவு யோசிப்பது மட்டும்தான்.

இந்தப் பலகைக்கு நான் எழுதிப் பார்த்த மூன்று வரி இது:

மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், 1946–1987.
இந்திய ராணுவம், 8-வது மஹார். பரம் வீர் சக்ரா.
1987 நவம்பர் 25 அன்று யாழ்ப்பாணத்தில் விடுதலைப் புலிகளோடு நடந்த சண்டையில் இறந்தார்.

‘வீர மரணம்’, ‘தியாகச் செம்மல்’, ‘நாட்டின் நலனுக்காக’ எதுவும் போடவில்லை. வேண்டுமென்றேதான் விட்டேன். அடைமொழி போட ஆரம்பித்தால் யார் ஆட்சியில் எந்த அடைமொழி என்ற தகராறு வரும். நடுகல்காரன் ‘பட்டான்’ என்று நிறுத்தினான். நாம் ‘இறந்தார்’ என்று நிறுத்தலாம். அவர் செய்த காரியத்தின் கனம் அந்தச் சொல்லுக்குப் போதும்.

ஆஸ்பத்திரியில் இறந்தவர்களைப் பற்றி இந்தப் பலகையில் இல்லையே என்பீர்கள். மூன்று வரியில் எல்லா நியாயத்தையும் அடைக்க முடியாது. ஆனால், ஊரும் வருடமும் இருக்கிறது பாருங்கள். ட்யூஷன் முடிந்து அந்த வழியாகப் போகும் ஒரு ப்ளஸ் டூ பெண், ‘யாழ்ப்பாணம் 1987’ என்று செல்போனில் தட்டிப் பார்த்தால், பரமேஸ்வரனும் வருவார், ஆஸ்பத்திரியும் வரும். இரண்டையும் படித்துவிட்டு அவள் யோசிக்கட்டும். நாம் யோசிக்காமல் ஒத்திப்போட்டதை அவள் யோசிப்பாள். அவளுக்கு அந்த வசதியைச் செய்து தராமல் இருக்க நமக்கு என்ன உரிமை?

அன்றைக்கு இறங்கும்போது மீதிச் சில்லறையை எண்ணிக்கொண்டே ஆட்டோக்காரர் வாசலில் இருந்த பெயரை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.

“பத்து வருசமா இந்தப் பக்கம் சவாரி வரேன் சார். மேஜர்னு ஒரு வார்த்தை போட்டிருந்தாகூட யாருன்னு கேட்டிருப்பேன்” என்றார்.